மூலை மேசையில் ஒரு வாக்குமூலம்

கண் இருப்போரே, வாருங்கள். காது இருப்போரும் வாருங்கள். நீதிமன்றத்துக்கு அழைக்கவில்லை, இந்த வழக்கு அங்கே வராது. தொழிலாளர் அலுவலகத்துக்கும் அழைக்கவில்லை. அங்கே இப்படி ஒருத்தி வேலை செய்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பின் பஜாரில், ஜவுளிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கிற சிவப்பிரகாசத்தின் காபிக் கடைக்கு வாருங்கள். பட்டப்பகலில், பதினைந்து பேர் பார்த்திருக்க, ஒரு பெண்ணின் கையைக் கொண்டே இன்னொரு பெண்ணை இல்லாமல் ஆக்கிய இடம் அது. அந்தப் பதினைந்து பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறாவது ஆளாக நீங்கள் வந்து நில்லுங்கள், நின்று பாருங்கள்.

மலர்கொடி எட்டு மணிக்கே வந்து கடை வாசலின் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுவிட்டாள். நாற்பத்திரண்டு வயது. சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை ஏற்றி வரும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை மண்வெட்டியால் வாரி, மறுபடியும் பெல்ட்டில் போடுவது அவள் வேலை. பத்து வருடமாக அதே வேலை. பத்து வருடமாகக் காண்ட்ராக்ட். அவளோடு இன்னும் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லோரும் ஒரே காண்ட்ராக்டரின் ஆட்கள். இந்த மாதக் கடைசியோடு அவர்களுடைய கேட் பாஸ் முடிகிறது. புதுப் பாஸ் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது கடைக்குள்ளே தீர்மானமாகிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற மரத்தின் நிழல் சாலைப் பக்கத்திலிருந்து சுருங்கியது. நிழலோடு அவர்களும் நகர்ந்து நகர்ந்து சுவரை ஒட்டிவிட்டார்கள்.

பலகை என்னவோ காபிக் கடை என்றுதான் சொல்லும். உள்ளே இருப்பது ஆறேழு ஆபீஸ். வாசல் மேசையில் ஒரு தரகர் வடலூர் மனைப் பிரிவின் வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலைக்கும் டம்ளர்களைப் பாரம் வைத்திருப்பார். கல்லாவுக்கு எதிரே இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அலமாரிக்குப் பின்னால் இருக்கிற மேசையில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முதல் தடவை முகம் பார்த்துக்கொள்வார்கள். வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை. மணிக்கு ஒரு காபி சொன்னால் நாள் முழுக்க முதலாளியாக உட்கார்ந்திருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே, செல்போனுக்குச் சார்ஜ் போடும் பிளக்கை ஒட்டிய மூலை மேசை, காண்ட்ராக்டர் செங்குட்டுவனின் கம்பெனி. அவருடைய லெட்டர் பேடில் ஒரு வீட்டு விலாசம் அச்சாகியிருக்கும். அந்த வீடு பூட்டிக் கிடந்து பல வருடம் ஆகிறது. கம்பெனியின் ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் சிவப்பிரகாசத்தின் கல்லாவுக்கு அடியிலுள்ள இழுப்பறையில், சர்க்கரைப் பொட்டலங்களோடு கிடக்கும். செங்குட்டுவன் கடைக்கு வருவதில்லை. அவருக்காகச் சூப்பர்வைசர் ஜெயகணேஷ் உட்கார்ந்திருப்பான்.

அந்த மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கூப்பிட்ட ஆளுக்கு ஜெயகணேஷ் காபி சொன்னால், பாஸ் உண்டு. சொல்லாமல், "போயிட்டு வாங்க, தகவல் அனுப்புறேன்" என்றால், ஆள் கழிந்தது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மரத்தடியில் நிற்பவர்கள் ஜெயகணேஷின் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கதவு வழியாகச் சிவப்பிரகாசத்தின் கையைத்தான் பார்ப்பார்கள். அது டபராவை எடுக்கிறதா, எடுக்கவில்லையா. அன்று காலையில் ஐந்து பேருக்கு டபரா எடுத்தது. இரண்டு பேருக்கு எடுக்கவில்லை. அந்த இருவரும் வெளியே வந்து யாரையும் பார்க்காமல், செருப்பைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

"என்னாடி, மூஞ்சி செத்த கெண்ட மாரி இருக்குது?" என்றாள் பட்டம்மாள். அதே கும்பலில் வேலை செய்கிறவள். ஐம்பத்தைந்து வயதிலும் இரும்புச் சட்டியை ஒரு கையால் தூக்குவாள்.

"காலையில ஒண்ணும் சாப்புடல யக்கா."

"சாப்புடாமயா வந்த? அவன் காபி சொன்னா வெறும் வயித்துல பொரட்டிகினு வரும். சொல்லலன்னா அதவிடப் பொரட்டும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மலர்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"யக்கா, என்ன ஏன் கடைசில வெச்சிருக்கான்? பேருப்படி பாத்தா ஆறாவதுலயே கூப்புட்டிருக்கணும்."

பட்டம்மாளின் முகத்திலிருந்த கேலி இறங்கியது. அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினாள்.

"என்னயும்தான் வெச்சிருக்கான். தனத்து விசயமாத்தான் இருக்கும். நீ உள்ள போயி ரொம்பப் பேசிகினு இருக்காத."

தனம் மலர்கொடியின் ஓரகத்தி. கொழுந்தன் சுதாகரின் மனைவி. இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர். காண்ட்ராக்டில் இருக்கிறவர்களுக்கு விடுப்பு கிடையாது. மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒருநாள் வராவிட்டாலும் சூப்பர்வைசர் முகம் கோணுவான், தலைக்கணக்குக் குறைந்தால் காண்ட்ராக்டருக்கு ஆகாது. அதனால் வர முடியாதவர்கள் தமக்குப் பதிலாக வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு மாத்தாளை அனுப்புவது பல வருடத்துப் பழக்கம். பாஸ்களை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு ஜெயகணேஷே கட்டாக வைத்திருப்பான். கேட்டில் வேன் நிற்கும்போது கட்டை நீட்டுவான். தலையில் ஹெல்மெட், தூசுக்காக மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய துண்டு. அதற்குமேல் தெரிகிற இரண்டு கண்ணை வைத்து எந்தக் காவலாளி யாரை அடையாளம் காண்பான்? தலைகளை எண்ணுவான், பாஸ்களை எண்ணுவான், இரண்டும் சரியாக இருந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவான்.

இந்த மாதம் ஏழாம் தேதி மலர்கொடி குறிஞ்சிப்பாடி தாலுகா ஆபீசில் இருந்தாள். மகள் சண்முகப்பிரியா நர்சிங் படிப்பில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும், அன்றோடு கெடு. அதற்கு முதல்நாள் சாயங்காலம் தனம்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "யக்கா, நீ போயிட்டு வா. ஒன்னோட பாஸ்ல நான் போறன்." போனாள். முதல் ஷிப்டில், ஒன்பது மணிக்கு, பெல்ட்டின் உருளையில் ஒட்டியிருந்த நிலக்கரிப் பிசினை மண்வெட்டி நுனியால் சுரண்டும்போது, மண்வெட்டியை உருளை பிடுங்கியது. பழகியவளாக இருந்தால் விட்டிருப்பாள். மாத்தாளாகப் போன தனத்துக்கு அது ஏழாவது நாளோ எட்டாவது நாளோ. மண்வெட்டி மலர்கொடியுடையது, தொலைத்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இறுகப் பிடித்தாள். வலது கை உள்ளே போய்விட்டது. பட்டம்மாள் ஓடிவந்து பெல்ட்டை நிறுத்தும் அவசரக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பெல்ட் நின்றதும் கையை அவளே உருவினாள். மூன்று விரல்கள் கையோடு வரவில்லை.

ஜெயகணேஷ்தான் தனத்தை வேனில் கொண்டுபோனான். வேகமாகத்தான் கொண்டுபோனான், அதில் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டவர்களுக்கு, தனம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் சொன்னான்: "கரும்புச்சாறு மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க." அப்படியே சீட்டில் எழுதினார்கள்.

நேற்று சாயங்காலம் மலர்கொடி போய்ப் பார்த்தபோது தனம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தியிருந்தாள்.

"யக்கா, அழுவாத. நான்தான போறன்னு சொன்னன்," என்றாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு ஆபரேசன் பண்ணாதான் மீதி ரெண்டு வெரலாவது மடங்குமாம். வேலையில அடிபட்டதுன்னு காயிதம் இருந்தா செலவு எல்லாத்தயும் கம்பெனியே பாத்துக்குமாம். நான் அங்க வேலை செஞ்சன்னு யாராவது சொல்லணுமே யக்கா. என் பேருதான் எதுலயும் இல்லியே. நீ சொல்லுவியா?"

"சொல்றன்டி," என்று மலர்கொடி சொல்லியிருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அதன் மறுபக்கம் உறைத்தது. அவள் சொன்னால், தன் பாஸில் இன்னொருத்தியை அனுப்பினோம் என்று சொன்னதாகும். பாஸ் போகும். அதோடு நிற்குமா?

கண்ணாடிக் கதவு திறந்தது. சிவப்பிரகாசம் தலையை நீட்டினார். "மலர்கொடி யாருங்க? தம்பி கூப்புடுது."

அவள் செருப்பை வாசலில் கழற்றினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாம் செருப்போடுதான் உள்ளே இருந்தார்கள். தரையின் ஈரம் உள்ளங்காலில் சில்லென்றது. வரைபடத்துக்காரரையும் இன்சூரன்ஸ்காரரையும் தாண்டிப் போகும்போது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்கக்கா, உக்காருங்க," என்றான் ஜெயகணேஷ். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அண்ணே, அக்காவுக்கு ஒரு காபி. ஸ்ட்ராங்கா போடுங்க."

சிவப்பிரகாசத்தின் கை டபராவை எடுத்தது. மரத்தடியில் யாரோ பெருமூச்சு விட்டிருப்பார்கள். எதுவும் கேட்காமல், எதுவும் பேசாமல், வந்த உடனே காபி. பத்து வருடத்தில் இப்படிச் சொன்னதில்லை.

ஜெயகணேஷ் ஒரு பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். "ஏழாந்தேதி, பர்ஸ்ட் ஷிப்ட். உங்க பேரு. பக்கத்துல கையெழுத்து."

"அது என்னோட கையெழுத்து இல்லீங்க சார்."

"உங்களுக்காக நான் போட்டது. நீங்க வராத நாள்ல எல்லாம் யாரு போட்டா? உங்க பேரு விழக்கூடாதுன்னு நான்தானே போட்டேன்?"

அது உண்மைதான்.

"இப்ப ஒரு சிக்கல் வந்திருக்குக்கா. அன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட்டுல வந்த பர்மனென்ட் ஆளு ஒருத்தர், உருளையில ரத்தம் இருந்துச்சுன்னு லாக் புக்ல எழுதிட்டாரு. மேல பாத்துட்டு, அந்த இடத்துல வேலை செஞ்சது யாருன்னு கேக்குறாங்க. ரிஜிஸ்தர்ல பாத்தா நீங்க. அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு காட்டணும். அவ்ளோதான்."

டைப் செய்த ஒரு தாளை அவள் முன்னால் தள்ளினான். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்த சூடு இன்னும் தாளில் இருந்தது. மலர்கொடி ஒன்பதாவது வரை படித்தவள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். மேற்படி நாளில் நான் முதல் ஷிப்டில் முழு நேரமும் பணிபுரிந்தேன். எனக்கோ என்னுடன் பணிபுரிந்த வேறு எவருக்குமோ எவ்விதக் காயமும் ஏற்படவில்லை. என் சுயநினைவுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி.

மேசைமேல் இருந்த செல்போனின் ஸ்பீக்கரிலிருந்து திடீரென்று ஒரு குரல் வந்தது. செங்குட்டுவனின் குரல். அவ்வளவு நேரமும் இணைப்பில் இருந்திருக்கிறார்.

"என்னப்பா, அந்தம்மா போட்டாச்சா?"

"படிச்சிட்டிருக்காங்க சார்."

"படிக்குமா அது?" என்று சிரித்தது செல்போன். "சரி சரி, படிக்கட்டும். படிச்சவங்களுக்குத்தான் சொன்னாப் புரியும்."

மலர்கொடி விரலை அந்த இரண்டாவது வரியின்மேல் வைத்துக்கொண்டே கேட்டாள். "தனத்தோட பேரு எங்கயும் இல்லீங்களே சார்."

"எந்தத் தனம்?"

அதட்டவில்லை. விண்ணப்பத்தில் விட்டுப்போன கட்டத்தை நிரப்புவதற்குக் கேட்பதுபோலக் கேட்டான்.

"என் ஓர்ப்படியா சார். நீங்கதான வேன்ல ஏத்திகினு போனீங்க."

"நான் ஏத்திட்டுப் போனது கரும்புச்சாறு மெஷின்ல கை மாட்டின ஒரு பொண்ண. வழியில பாத்தேன், மனசு கேக்கல, உதவி பண்ணேன். ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் அப்படித்தான் இருக்கு." அவன் முன்னால் சாய்ந்தான். குரல் இன்னும் மென்மையானது. "அக்கா, நீங்க வேற மாதிரி சொன்னீங்கன்னு வெச்சுக்குங்க. முதல் கேள்வி என்ன வரும்? உன் பாஸ்ல இன்னொரு ஆள் எப்படி உள்ள போச்சுன்னு வரும். என்னையும் கேப்பாங்க, இல்லன்னு சொல்லல. எனக்கு வக்கீல் இருக்காரு. துண்டக் கட்டி மூஞ்ச மறச்சு என்னையே ஏமாத்திட்டாங்கன்னு நான் சொல்லிட்டுப் போயிடுவேன். உங்களுக்கு யாரு இருக்கா? தனத்து மேலயும்தான் கேஸ் வரும். அடுத்தவ பாஸ்ல உள்ள வந்தவ அவ. பாவம், அந்தக் கைய வெச்சுகிட்டு கோர்ட்டுக்கு அலையணும்."

காபி வந்தது. சிவப்பிரகாசம் டபராவை வைத்துவிட்டு, தாளில் சிந்திவிடக் கூடாதென்று அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். போகவில்லை, ஒரு நொடி நின்றார். மலர்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் துணியை எடுத்து, துடைத்த மேசையை மறுபடியும் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

"பாப்பாவுக்குச் சான்றிதழ் வந்துடுச்சா?" என்றான் ஜெயகணேஷ். "சண்முகப்பிரியா தானே பேரு? நர்சிங் நல்ல படிப்புக்கா. வீட்டுல போலீஸ் கேசு ஒண்ணும் இல்லாம இருந்தா நாளைக்கு வேலைக்கும் சுலபமாக் கெடைக்கும்."

மகளின் பெயரை அவன் வாயிலிருந்து கேட்டதும் மலர்கொடிக்குக் காது அடைத்துக்கொண்டது. கடையின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஆயிற்று. அவள் பக்கவாட்டில் பார்த்தாள்.

அடுத்த மேசையில் வைத்திலிங்கம் இருந்தார். ஒரு முழம் தூரம்கூட இல்லை. பர்மனென்ட் ஆளாக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தின் கேட் கூட்டங்களில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பேசியவர். மலர்கொடியின் கணவன் குழந்தைவேல் அந்தக் கூட்டங்களில் கொடி பிடித்து நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து அவர் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவான். இப்போது இந்த மேசையில் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். செய்தித்தாளைப் பிடித்திருந்த கைகள் அசையாமல் இருந்தன. வெகு நேரமாக அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அவள் அவரையே பார்த்தாள். ஒரு வார்த்தை. என்னப்பா அது காகிதம் என்று ஒரே ஒரு வார்த்தை அவர் கேட்டால் போதும். தனக்கும் வாய் வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

வைத்திலிங்கம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜெயகணேஷின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஃபேன் வேகத்தக் கொஞ்சம் கொறைங்க. பேப்பர் பறக்குது."

"இதோங்கய்யா," என்று எழுந்து குறைத்துவிட்டு வந்தான் ஜெயகணேஷ்.

மலர்கொடி கையெழுத்துப் போட்டாள். எப்போதும் அவள் பெயரின் கடைசி எழுத்தில் சுழியைப் பெரிதாகப் போடுவாள். அன்று அது நசுங்கி விழுந்தது. சிவப்பிரகாசம் இழுப்பறையைத் திறந்து முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் கைப்பிடியில் ஒட்டியிருந்த சர்க்கரையை ஜெயகணேஷ் ஊதிவிட்டு, தாளில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான்.

"காபி ஆறுது, குடிங்க," என்றான்.

அவள் டம்ளரைத் தூக்கினாள். உதட்டில் வைத்தாள். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்து, பிறகு மருந்தை விழுங்குவதுபோல விழுங்கினாள். முடிந்துவிட்டது, எழுந்து போகலாம் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். இன்றைக்குப் போக வேண்டாம். நாளைக்கும்.

"ஒரு நிமிஷம்க்கா. காகிதம் மட்டும் பத்தாதுன்னு சார் சொல்றாரு." ஜெயகணேஷ் செல்போனைக் கையில் எடுத்தான். "கையக் காட்டணும். ரெண்டு கையும். பத்து விரலும் இருக்குன்னு தெரியணும். ஐயா, அந்தப் பேப்பரக் கொஞ்சம் தர்றீங்களா? இன்னிக்குத் தேதி படத்துல விழணும்."

வைத்திலிங்கம் செய்தித்தாளை மடித்து, மடிப்பை நீவிக் கொடுத்தார்.

அதை மேசையில் விரித்து, தேதி மேலே வரும்படி திருப்பி வைத்தான். மலர்கொடி இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள். நகக்கண்களில் நிலக்கரித் தூசு எந்தச் சோப்புக்கும் போகாமல் கருப்பாக இருந்தது. உள்ளங்கையின் காய்ப்பு காகிதத்தில் உரசிச் சத்தம் போட்டது. கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

அவன் ஒரு படம் எடுத்தான். பார்த்தான். "கலங்கிடுச்சு. ஆட்டாதீங்கக்கா."

இன்னொன்று எடுத்தான். "மறுபடியும் கலங்குது. எத்தன விரல்னே தெரியலயே. பயப்படாதீங்க, போட்டோதானே."

அவள் மூச்சை அடக்கினாள். பல்லைக் கடித்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி அழுத்தினாள். அழுத்த அழுத்த நடுக்கம் கூடியது. டபராவும் சேர்ந்து கிலுகிலுவென்று ஆடியது. மூன்றாவது படமும் கலங்கியது. இதற்குள் வரைபடத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். காசோலையில் கையெழுத்துப் பொருந்தாத ஒரு ஆளைப் பார்ப்பதுபோல, சின்ன ஆர்வத்தோடு பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள்.

"என்னப்பா லேட்டு?" என்றது செல்போன்.

"ஆகிடும் சார்." ஜெயகணேஷ் கதவுப் பக்கம் கை காட்டினான். "பட்டம்மாள உள்ள வரச் சொல்லுங்கண்ணே. அப்படியே அவங்களுக்கும் ஒரு காபி."

பட்டம்மாள் வந்தாள். மேசையைப் பார்த்தாள், விரித்த செய்தித்தாளைப் பார்த்தாள், அதன்மேல் துடித்துக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள். அவளிடம் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"மணிக்கட்டப் பிடிச்சுக்குங்கக்கா. இறுக்கி. ஆடக்கூடாது."

பட்டம்மாள் அசையாமல் நின்றாள். சிவப்பிரகாசம் டபராவை எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் மலர்கொடியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் உருளையிலிருந்து ஒரு கையை உருவிய அதே கைகள். இரும்புச் சட்டி தூக்கும் கைகள். பிடித்த பிடியில் மலர்கொடியின் விரல்கள் நடுக்கம் நின்று, வெளுத்து, காகிதத்தில் அப்பிக்கொண்டன.

"ஆட்டாதடி," என்று காதோரம் சொன்னாள் பட்டம்மாள். "ஆட்டினா திருப்பித் திருப்பி எடுத்துகினே இருப்பான்."

"உங்க கை விழக்கூடாது. இன்னும் கொஞ்சம் பின்னாடி. ஆங், அப்படியே." செல்போன் ஒரு முறை மின்னியது. ஜெயகணேஷ் படத்தை விரலால் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு ஓரங்களைக் கத்தரித்தான். பிடித்திருந்த கைகள் படத்திலிருந்து போயின. தேதி இருந்தது. பத்து விரல்கள் இருந்தன. "தெளிவா வந்திருக்கு," என்று சொல்லிப் படத்தைச் செங்குட்டுவனுக்கு அனுப்பினான்.

வாசகரே, அந்தப் படம் இப்போது ஒரு கோப்பில் இருக்கிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இந்த உலகத்தில் இல்லை. மலர்கொடியைக் கோழை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவள் கைகள் மூன்று முறை மறுத்தன, அந்தக் கடையில் மறுத்தவை அவை மட்டும்தான். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கிறது. நீங்கள் நாளைக்குப் போய் உட்காரப்போகிற மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு காகிதம் நகரும். அப்போது எழுந்திருங்கள். அந்தக் காகிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். யாருடைய பெயர் அதில் இல்லை என்று கேளுங்கள். இன்றைக்கு இதை முதலில் கேளுங்கள்: ஏழாம் தேதி முதல் ஷிப்டில் அந்தப் பெல்ட்டுக்கு அடியில் தனம் என்று ஒருத்தி வேலை செய்தாள், அவள் பெயரைப் பதிவேட்டில் எழுது என்று சொல்லுங்கள். எழுதி முடிக்கிறவரை உட்காராதீர்கள்.